சுமத்ரா சூறைக்காற்றும் இரண்டு மணி நேர முன்னறிவிப்பும்

2024 செப்டம்பர் 17 மாலை சிங்கப்பூரைக் கடந்த சூறைக்காற்று, மணிக்கு 83.2 கிலோமீட்டர் வேகம் வரை வீசிப் பல இடங்களில் மரங்களைச் சாய்த்தது. இத்தகைய காற்றைக் காலையிலேயே, அதுவும் வட்டாரம் வட்டாரமாக, அறிவிக்க இயலாதா என்று கேட்பது நியாயமே.

சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் தன் 24 மணி நேர முன்னறிவிப்பில் தீவை ஐந்து பகுதிகளாகவே பிரிக்கிறது. புக்கிட் மேரா போன்ற வட்டாரத்தின் பெயர் அடுத்த இரண்டு மணி நேரத்திற்கான உடனடி முன்னறிவிப்பில்தான் வருகிறது. கனமழை எச்சரிக்கையோ பெரும்பாலும் கால் மணி முதல் முக்கால் மணி நேரத்திற்கு முன்புதான் வெளியாகிறது. இதை ஆய்வகத்தின் தயக்கமாகக் கொள்வது தவறு. இது வெப்பமண்டல வானம் விதித்த எல்லை.

பிற்பகல் இடிமழை அடுப்பில் ஏற்றிய உலையைப் போன்றது. உலை கொதிக்கும் என்று எவரும் சொல்லலாம். முதல் குமிழி எவ்விடத்தில் எழும் என்று சொல்ல இயலாது. பானையடியிலுள்ள கீறலோ ஒட்டிய பருக்கையோ குமிழிக்குத் தொடக்கமாவது போல, சற்று அதிகம் சூடேறிய தரையோ கடற்காற்று வந்து முட்டும் கோடோ மேகத்திற்குத் தொடக்கமாகிறது. மேகமூட்டம் வெயிலை மறைத்தால், தீயைத் தணித்த உலைபோல் எல்லாம் கொதிக்காமலே ஆறிவிடுவதும் உண்டு. தனி இடிமேகம் எழுந்து, பொழிந்து, கலைய ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஆவதால், ரேடாரில் அது தென்பட்டபின் எஞ்சும் அவகாசம் சொற்பம்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் சுமத்ரா சூறைக்காற்றின் இயல்பு வேறு. இரவில் நிலம் கடலைவிட விரைந்து குளிர்வதால், சுமத்ராவிலிருந்தும் மலாயாத் தீபகற்பத்திலிருந்தும் நிலக்காற்று மலாக்கா நீரிணையில் இறங்கி மோதி, வெதுவெதுப்பான ஈரக்காற்றை மேலே தள்ள, இடிமேகங்கள் வரிசையாக எழுகின்றன. வியப்பு அதன்பின் நிகழ்வதில்தான் இருக்கிறது. பொழியும் மழையில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிச் சுற்றுக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, குளிர்ந்து கனத்த அக்காற்று கீழிறங்கித் தரையை ஒட்டி முன்னோக்கிப் பரவுகிறது. குளிர்காற்றுத் தேக்கம் எனப்படும் இதன் முனை எதிரிலுள்ள ஈரக்காற்றின் அடியில் புகுந்து அதை உயர்த்த, அங்கே புதிய மேகம் பிறக்கிறது, பின்னாலுள்ளது ஓய்கிறது. ஆகவே தனித்தனி மேகங்கள் அழிந்தாலும் வரிசை அழிவதில்லை. தன் மழையைக் கொண்டே தன் அடுத்த மேகத்தை ஆக்கிக்கொண்டு பல மணி நேரம் கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ தீவை அடைகிறது. மழைக்குச் சற்று முன் அடுக்குமாடித் தாழ்வாரங்களில் திடீரெனக் குளிர்ந்து வீசுவது அத்தேக்கத்தின் முனையே.

இந்த நீண்ட ஆயுள்தான் முன்னறிவிப்பாளருக்குக் கிடைக்கும் பிடி. மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் நுண்ணலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து அவை நெருங்கும் வேகத்தை டாப்ளர் ரேடார் அறிவதால், வரிசையின் வருகையைக் கணிக்க முடிகிறது. ஆயினும் முன்னுள்ள காற்றில் ஈரம் குறைந்தால் அது வழியிலேயே கலைந்துவிடலாம்.



செயற்கை நுண்ணறிவு முன்னறிவிப்பின் இவ்வெல்லையை உடைத்துவிட்டது என்ற ஆரவாரத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. 2023இல் பெரிதும் பேசப்பட்ட கிராஃப்காஸ்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி பூமியைப் பிரிக்கும் கட்டம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் பக்கமுடையது. கிழக்கு மேற்காக 50, வடக்கு தெற்காக 27 கிலோமீட்டர் அளவுள்ள தீவு ஏறத்தாழ இரண்டு கட்டங்களில் அடங்கிவிடும். அத்தகைய கட்டத்திலிருந்து, வியாழன் மூன்று மணிக்குப் புக்கிட் மேராவில் மழை என்று திங்களன்றே காட்டும் கைப்பேசிச் செயலியை நம்பக் காரணமில்லை. பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்துடன் சிங்கப்பூர் உருவாக்கிய சிங்-வி மாதிரி 1.5 கிலோமீட்டர் கட்டங்களில் இயங்குவதால் இடிமேகத்தையே கணக்கில் பிடிக்க முயல்கிறது. அதற்கும் தொடக்க நிலையாக, நீரிணையின் மேல் அவ்வேளையில் உள்ள காற்றின் உண்மையான அளவீடுகள் வேண்டும்.