மூப்பும் செவியும்

கி. மு. 44 ஆம் ஆண்டில் உரோமப் பேரறிஞராகிய சிசரோ முதுமையைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் இயற்றினார். 84 வயதினராகிய கேட்டோ என்னும் பெரியார் இளைஞர் இருவரோடு உரையாடுவதாக அமைந்தது அந்நூல். முதுமையின்மீது உலகத்தார் சுமத்தும் நான்கு குற்றங்களை எடுத்துக்கொண்டு கேட்டோ ஒவ்வொன்றாக மறுக்கின்றார். உடல் வலி குன்றுதல் அக்குற்றங்களுள் ஒன்று. அறிவாலும் அனுபவத்தாலும் ஆற்றப்படும் பெருங்காரியங்களுக்கு உடல் வலி இன்றியமையாததன்று என்பதும், வயது ஏறுந்தோறும் பிறரோடு அளவளாவும் ஆசை தமக்குப் பெருகிற்று என்பதும் அவர் கூறும் விடைகளுட் சில. விடை அழகியதே. ஆயினும் கேட்டோவுக்குக் காது நன்றாகக் கேட்டது போலும்! அளவளாவுதற்குரிய வாயிலே அடைபட்டிருந்தால் அப்பெரியார் எவ்வாறு வாதாடியிருப்பார் என்பது சிந்திக்கற்பாலது.

முதுமையில் உடற்குறைகள் பல. முழங்கால் மூட்டுத் தேய்கின்றது, நடை தளர்கின்றது, கண்ணிற் புரை படர்கின்றது. கண்புரைக்கு இன்று நல்ல பரிகாரம் உண்டு. 1949 ஆம் ஆண்டில் இலண்டனில் ஹரல்ட் ரிட்லி என்னும் கண் வைத்தியர் மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைக் கண்ணுள்ளே பொருத்தும் முறையைத் தொடக்கிவைத்தார். அன்றியும், பார்வை குன்றியவரைக் கண்டால் வழியிற் செல்வோரும் கைகொடுப்பர். செவி குன்றியவருக்கோ அந்த இரக்கமும் கிடைப்பதில்லை. வெளியே தோன்றாத குறை ஆதலின், அது கவனமின்மை என்றோ பிடிவாதம் என்றோ கொள்ளப்படுகின்றது. சில வீடுகளில் நகைப்புக்கும் பொருளாகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 60 வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 25 பேருக்கும் அதிகமானோர் வாழ்க்கை இடர்ப்படுமளவுக்குச் செவிப்புலன் குன்றியவராவர்.

இக்குறையின் இயல்பை வீட்டார் அறியாமையே துன்பத்திற் பாதிக்குக் காரணம். உட்செவியில் நத்தையோடுபோற் சுருண்ட உறுப்பொன்று உளது. அதனுள் ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் ஒலியதிர்வை நரம்புக்கு உணர்த்துகின்றன. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வயதேற, சுருளின் அடிப்பக்கத்தில் உயர் மீடிறன் ஒலிகளை ஏற்கும் கலங்களே பெரும்பாலும் முதலிற் கெடுகின்றன. பேச்சில் உயிரெழுத்துக்களின் ஒலி தாழ்ந்த மீடிறனிலும், சகரம் முதலிய சில மெய்களின் ஒலி உயர்ந்த மீடிறனிலும் அமைவன. ஆகவே முதியவருக்குக் குரல் கேட்கின்றது, சொல் விளங்குவதில்லை. “காசு” என்பது “காது” என்று கேட்கும். “நேற்றுக் கேட்டவருக்கு இன்று கேளாதா?” என்று வீட்டார் ஐயுறுவதும் இதனாலேயே. அமைதியான அறையில் ஒருவர் முகம்பார்த்துப் பேசும்போது விளங்கியது, பலர் ஒருங்கே பேசும் கூடத்தில் விளங்காதுபோம். உரக்கக் கத்துவதாற் பயன் சிறிதே. மெல்லொலி கேளாத செவியே பேரொலியை இயல்பினும் மிகையாக உணர்ந்து நோவதும் உண்டு.

யாழ்ப்பாணத்து முதியோர்க்கு இக்குறை பிறிதொரு வகையிலும் கொடிதாயிற்று. 1983 ஆம் ஆண்டின் பின்னர்ப் பல குடும்பங்களிற் பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் குடியேற, பெற்றோர் ஊரிலே தங்கினர். மகனின் குரலைக் கேட்பதற்கிருந்த வழி தொலைபேசி ஒன்றே. பழைய தொலைபேசி முறையோ ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையான மீடிறன்களை மட்டுமே கடத்தவல்லது. சகரவொலியின் பெரும்பகுதி அதற்கு மேற்பட்டது. செவி எஞ்சவிட்டதைக் கம்பி குறைத்தது என்க. வாயசைவைப் பார்த்து விளங்கிக்கொள்ளவும் வழியில்லை. சில சொற்களின் பின் “எல்லாம் சுகம், வை தம்பி” என்று தாய் முடித்துவிட, அம்மாவுக்குப் பேச விருப்பமில்லைப்போலும் என்று மகன் எண்ணிக்கொள்கின்றான். இக்காலத்து முகம் தெரியும் அழைப்புக்கள் இந்த இடரை ஓரளவு நீக்கியுள்ளன. முகத்தில் வெளிச்சம் படும்படி அமர்ந்து பேசுவது பேரப்பிள்ளைகளுக்குச் சிறு வேலை. பாட்டிக்கு அது பாதிச் செவி.

விளங்காதவர் முதலில் மீண்டும் கேட்பர். பின்னர் விளங்கியவர்போல் தலையசைப்பர். ஈற்றிற் கூட்டத்தையே தவிர்ப்பர். பிறர் சிரிக்கும்போது தம்மைக் குறித்தே சிரிக்கின்றனரோ என்னும் ஐயமும் சிலரிடம் தோன்றும். வெளியே சினமாகத் தோன்றுவது உள்ளே நாணமாக இருத்தல் கூடும். இவ்வாறு ஒதுங்குவதற்குச் செவியன்றி வேறு மறைவான காரணங்களும் உள. சிறுநீரை அடக்கவியலாத முதியவர் ஒரு கலியாண வீட்டுக்குச் செல்ல மறுப்பது செருக்கினால் அன்று. நெடுந்தூரப் பஸ் பயணத்துக்கு அஞ்சியே. ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழுவோமோ என்றஞ்சி நடப்பதைக் குறைக்க, தசை மெலிந்து, விழும் வாய்ப்பு மிகுகின்றது. வயதானால் மனச்சோர்வு இயல்பே என்று கூறி இவற்றைக் கடந்துபோவோர் பலர். அது தவறு. மனச்சோர்வு மூப்பின் இலக்கணமன்று, சிகிச்சைக்குரிய நோய்.

ஜெர்மனிய உளநூலறிஞர் பால் பால்ட்டெஸ் இழப்பின் நடுவே முதியோர் நன்கு வாழும் வழியை ஆராய்ந்தார். பியானோக் கலைஞர் ஆதர் ரூபின்ஸ்டைன் முதுமையிற் கையாண்ட முறை அவர் காட்டும் எடுத்துக்காட்டு. ரூபின்ஸ்டைன் வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்தார். அவற்றையே மிகுதியாகப் பயின்றார். விரைவான பகுதி வருமுன் சற்றே தாழ்த்தி வாசித்தமையால், பின்வரும் விரைவு கேட்போர்க்கு மிகுதியாகத் தோன்றிற்று. விரல் தளர்ந்தது, கச்சேரி தளரவில்லை.

ஆயின் பியானோவைத் தனியே பயிலலாம். உரையாடலைத் தனியே பயில்வது எங்ஙனம்? ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குக் காரணம் வினவப்பட்ட பிசிராந்தையார் புறநானூற்றில் உரைத்த விடை ஈண்டு நினைக்கத்தக்கது. மருந்தையோ உணவையோ அவர் கூறினாரல்லர். மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என்று தம்மைச் சூழ்ந்தோரையே எண்ணிக் காட்டினார்.

சூழ்ந்திருப்போர் செய்யத்தக்கன பெரியனவல்ல. பேசுமுன் பெயர் சொல்லி அழைத்து முகத்தைத் திருப்பச் செய்தல், ஒருவர்பின் ஒருவராகப் பேசுதல், விளங்காத வாக்கியத்தை அப்படியே திருப்பிக் கத்தாது வேறு சொற்களாற் கூறுதல் என்பன போதும். கேட்டற்கருவி வாங்கிக்கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று கருதும் பிள்ளைகளும் உளர். மூக்குக்கண்ணாடி அணிந்தவுடன் பார்வை தெளிவதுபோல அக்கருவியாற் செவி உடனே தெளிவதில்லை. பாத்திரம் உருளும் ஒலியும் மின்விசிறியின் இரைச்சலும் முதலிற் பெரிதாகக் கேட்கும். அவற்றை ஒதுக்கிப் பேச்சைப் பிரித்தறிய மூளை மீளப் பழகுதற்கு வாரங்கள் வேண்டும். அந்த வாரங்களில் அருகே ஒருவர் இருந்து நாள்தோறும் சிறிது நேரம் பேசிப் பழக்காவிடின், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய கருவி அலுமாரி இலாச்சியிற் கிடக்கும்.