தரகரைப் பிடிக்கும் மாத்திரை

குஜிலியம்பாறை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தம்பிக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஆறு வருஷம். நன்றாக இருக்கிறான். டாக்ரோலிமஸை இன்னும் ஏன் விழுங்க வேண்டும்?”

வேற்றாள் உறுப்பைத் தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்லான டி செல்லுக்கு உறவுமுறை தெரியாது. கொடுத்தவர் பெற்ற தாயே ஆனாலும் அதற்கு வேற்றாள்தான். வேற்றுப் புரதம் ஏற்பியில் பட்டதும் செல்லுக்குள் கால்சியம் ஏறும். அது கால்சினியூரின் என்ற நொதியை முடுக்கும். அந்த நொதி, என்ஃபேட் என்ற புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். உடனே என்ஃபேட் உட்கருவுக்குள் புகுந்து இன்டர்லூக்கின்-2 தயாரிப்பைத் தொடங்கிவைக்க, டி செல்கள் பெருகும். டாக்ரோலிமஸ் மறிப்பது கால்சினியூரினை.

மறிக்கிற விதம்தான் வேடிக்கை. என் தாத்தா மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கப் போனால் தானாகப் பேச மாட்டார். உள்ளூர்த் தரகர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டுதான் துண்டுக்குள் விரல் பிடிப்பார். இம்மருந்தும் அப்படித்தான். தனியாகப் போனால் கால்சினியூரின் அசையாது. செல்லுக்குள்ளேயே இருக்கும் எஃப்கேபிபி-12 என்ற புரதத்தோடு இணைந்த பிறகே இரண்டுமாக அதை அடைக்கும். இதற்கு மூத்த மருந்தான சைக்ளோஸ்போரின் சேர்த்துக்கொள்வது சைக்ளோஃபிலின் என்ற வேறொரு புரதத்தை. சைக்ளோஸ்போரின் நார்வே மேட்டுநில மண்ணில் அகப்பட்ட பூஞ்சை தந்தது. டாக்ரோலிமஸோ ஜப்பானின் சுகுபா மலையடி மண்ணில் 1984-இல் கிடைத்த பாக்டீரியாவின் சரக்கு. சம்பந்தமே இல்லாத இரண்டும் ஒரே நொதியைத்தான் அடைக்கின்றன என்று 1991-இல் ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழுவினர் காட்டினார்கள். டி செல்லில் கால்சினியூரினுக்கு இவ்வளவு பெரிய வேலை இருப்பதே அதன் பிறகுதான் புலப்பட்டது. சைக்ளோஸ்போரினோ அதற்கு முன்பே, 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது!

வேலூர் சிஎம்சியில் 1971-இல் சிறுநீரகம் மாற்றியபோது இந்த இரண்டு மருந்தும் கிடையாது. இன்று கையில் இருக்கும்போது, “உடம்புதான் தேறிவிட்டதே” என்று நிறுத்துகிறார்கள். தேறியிருப்பதே மாத்திரையால்தான் ஐயா. நிறுத்தினால் டி செல்கள் மறுபடி கிளம்பும். கூடினாலும் ஆபத்து, காப்பாற்ற வந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி பார்ப்பது அதற்காகத்தான். டெஸ்ட் அன்று காலையில் பழக்கதோஷத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும், இல்லாவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். இம்மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியை அது முடக்கி, ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும்.