வேலை முடிந்தது என்பது எப்போது?

திருவண்ணாமலையை அடுத்துள்ள வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கிறது. மக்கள் குறைதீர்க்கும் நாளன்று நாலா பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் மக்கள் மனுக்களோடு அங்கு வருகின்றனர். 'குழாய் போட்டார்கள், தண்ணீர் வரவில்லை', 'ஏரியைத் தூர் வாரினார்கள், ஆழம் கூடவில்லை' என்பன போன்ற குறைகள் எந்தக் கிராமத்திற்கும் புதியன அல்ல. இவற்றை ஆராய்ந்தால் பெரும்பாலும் ஓர் உண்மை புலப்படும். வேலை முடிந்துவிட்டது என்கிறார் ஒப்பந்ததாரர். முடியவில்லை என்கின்றனர் ஊரார். எவர் கூற்று சரி என்று தீர்மானிக்க ஒப்பந்தப் பத்திரத்தில் வழி இராது. வேலையை எவ்வாறு துவங்கவேண்டும் என்று எழுதியவர்கள், அது எப்போது முடிந்ததாகக் கருதப்படும் என்பதை எழுதாமல் விட்டிருப்பர்.

முடிவை முன்னதாகவே எழுதி வைப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பலர் அறிவர். 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகளின்படி, ஏரி வாரியம் முதலிய வாரியங்களில் பணியாற்றுவோரின் காலம் 360 நாட்கள். அதன்பின் அவர்கள் விலகவேண்டும். குற்றம் செய்தவர் இடையிலேயே நீக்கப்படுவார். கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்திற்கு வர இயலாது. காலம் முடிந்து விலகுதல், குற்றத்தால் நீக்கப்படுதல், கணக்கை ஒப்படைத்தல் ஆகிய மூன்றையும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தனர். நாம் தாளிலாவது எழுதவேண்டாமா?

அளந்து பார்க்கக்கூடிய முடிவு

'வேலையைத் திருப்திகரமாக முடித்துத் தரவேண்டும்' என்ற ஷரத்து பல பத்திரங்களில் காணப்படுகிறது. யாருடைய திருப்தி என்பதில்தான் தகராறு பிறக்கிறது. எவர் அளந்தாலும் ஒரே விடை தரக்கூடிய அளவுகோலே முடிவுக்கு ஏற்றது.

குடிநீர்க் குழாய் வேலையை எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டில் துவங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அளவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு 275 லிட்டர் ஆகிறது. நாள்தோறும் ஒரு மணி நேரம் தண்ணீர் விடப்படும் ஊரில், 15 லிட்டர் குடம் ஏறத்தாழ மூன்றேகால் நிமிடத்தில் நிரம்பினால்தான் இந்த அளவு கிடைக்கும். ஆகவே, 'தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள கடைசிக் குழாயில், எல்லாக் குழாய்களும் திறந்திருக்கும் நேரத்தில், குடம் இத்தனை நிமிடத்தில் நிரம்பவேண்டும்' என்று எழுதலாம். ஒரு குடமும் ஒரு கடிகாரமும் இருந்தால் எவரும் சோதித்துவிடலாம். நீரின் தரத்தை ஆய்வுக்கூடச் சான்றால் உறுதிசெய்ய வேண்டும். அத்திட்டத்தில், வேலை முடிந்ததாக இலாகா தெரிவித்தால் மட்டும் போதாது. வீடுதோறும் தண்ணீர் கிடைக்கிறது என்று கிராம சபை தீர்மானம் நிறைவேற்றிய பின்னரே ஊருக்குச் சான்று உண்டு. கிராம சபையினர் கடைசித் தெருவைப் பாராமல் கையை உயர்த்தலாகாது.

ஏரியைத் தூர் வாருவதிலும் இவ்வாறே. லாரி நடைகளை எண்ணுவது சரியான அளவாகாது. வேலைக்கு முன்னும் பின்னும் ஏரியின் தரைமட்டத்தை ஒரே இடங்களில் அளந்து, எடுத்த மண்ணைக் கனமீட்டரில் கணக்கிடவேண்டும். நீர்ப்பரப்பு மட்டத்திற்குக் கீழே ஒரு கனமீட்டர் மண் எடுத்தால் ஆயிரம் லிட்டர் நீருக்கு இடம் கிடைக்கிறது. முதல் அளவை எடுக்காமல் மண்ணை வெட்டத் துவங்கினால், பிறகு எந்த நிபுணராலும் உண்மையைக் கூற இயலாது.

உத்தரவாதக் காலம்

வேலை முடிந்த நாளும் பொறுப்பு முடியும் நாளும் ஒன்றல்ல. கட்டடத்தின் குறை ஒரு மழைக்காலம் கடந்த பின்னரே தெரியும். ஆதலால் பிணைத்தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, குறைகளைச் சொந்தச் செலவில் சரிசெய்யும் பொறுப்பை ஒப்பந்ததாரரிடமே வைக்கின்றனர். 2000ஆம் ஆண்டில் துவங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சாலை போட்டவரே ஐந்து ஆண்டுகள் அதைப் பராமரிக்கவேண்டும் என்பது ஒப்பந்தத்தின் பகுதியாகும். அக்காலம் முடிந்து குறை இல்லையெனில், தொகையைத் தாமதமின்றித் திருப்பித் தருவது நமது கடமை. ஒப்பந்ததாரருக்கும் முடிவு வேண்டுமல்லவா?

இடையில் நின்றுபோனால்

நல்ல முடிவை எழுதுவோர்கூட, கெட்ட முடிவை எழுதத் தயங்குகின்றனர். சுபகாரியத்தில் அபசகுனம் எதற்கு என்ற எண்ணம் போலும்! ஆயின் தகராறு வந்த பிறகு எழுத எவரும் உடன்படமாட்டார். எத்தனை நாள் வேலை நின்றால் ஒப்பந்தத்தை முறிக்கலாம், எத்தனை நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும், அதுவரை நடந்த வேலையை யார் முன்னிலையில் அளப்பது, சாவி, வரைபடம், கணக்கு ஆகியவற்றை எப்போது ஒப்படைப்பது என்பன எல்லாம் பத்திரத்தில் இருத்தல் அவசியம்.

விவசாயிகள் நேரில் அனுபவிக்கும் விஷயம் ஏரி மீன் குத்தகை. பயிருக்காக மதகைத் திறக்கச் சொல்கின்றனர் ஆயக்கட்டுதாரர்; நீர் குறைந்தால் மீன் வளராது என்கிறார் குத்தகைதாரர். பாசனத்திற்கே முதலுரிமை என்பதும், குத்தகை ஜூன் 30-ல் பசலி ஆண்டோடு முடிகிறதா அல்லது வேறு தேதியிலா என்பதும், அன்று மிஞ்சிய மீன் யாருக்கு என்பதும் எழுதப்பட்டிருந்தால் சச்சரவு பெருமளவு குறையும்.

சட்டம் கூறுவது

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் நினைவிற்கொள்ளத் தக்கவை. காலக்கெடு முக்கியமென்று செய்த ஒப்பந்தத்தில் வேலை தாமதமாக முடிந்து, அதை நாம் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே இழப்பீடு கோருவதாக அறிவிப்புத் தரவேண்டும். இல்லையேல் பிறகு கேட்க இயலாது என்கிறது 55ஆவது பிரிவு. மாலை மரியாதையோடு வேலையை ஏற்றுக்கொண்டு, மறுமாதம் தாமதத்திற்குத் தொகை கேட்பது பயன்தராது. 74ஆவது பிரிவின்படி, மீறுதலுக்கென்று ஒரு தொகை எழுதப்பட்டிருந்தால், அதற்கு மேற்படாமல் நியாயமான இழப்பீட்டையே பெறலாம்.

ஊராட்சி மன்ற உறுப்பினர்களின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகளே. 2024ஆம் ஆண்டில் திருவண்ணாமலை மாநகராட்சியாக உயர்ந்தது போல், நகரங்கள் வளரும்போது அண்டை ஊராட்சிகளின் நிர்வாகமும் கைமாறுகிறது. வாய்ச்சொல்லாகச் செய்துகொண்ட ஏற்பாடு, பேசியவர்களோடு போய்விடும். பத்திரத்தில் உள்ளதே அடுத்து வருபவர் கைக்குக் கிடைக்கும்.

ஆகவே, அடுத்த வேலைக்கு உத்தரவு வழங்குமுன் மன்றக் கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: 'இவ்வேலை முடிந்தது என்பதை எந்த அளவால், யார் முன்னிலையில், எந்த நாளில் அறிவோம்?' விடை ஒரு பக்கத்தில் அடங்கும். அதை எழுதி, படித்துக் காட்டி, இரு தரப்பாரும் ஒப்பமிட்ட பின்னர் முதல் மண்வெட்டியை எடுங்கள்.