ரேகைப் பதிவேட்டை நிரப்பிய கைகள்

தேனியிலிருந்து ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிச் சீமை. கணவாய்க்கு இரு பக்கமும் வாழும் பிரமலைக் கள்ளர் குடும்பங்களின் பெரியவர்கள் ‘ரேகைச் சட்டம்’ என்று சொல்வது, 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை. இன்ன சாதியில் பிறந்தவன் என்பதே அதற்குப் போதுமான குற்றம். 1914 முதல் கள்ளர் ஊர்களில் அது இறங்கியது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், ராத்திரி போலீஸ் கண்ணெதிரில் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும்.

1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்துத் திரண்ட பெருங்காமநல்லூர் மக்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள்.

துப்பாக்கிச் சூடு ஒரு நாளில் முடிந்தது. பதிவேடோ முப்பது வருடங்களுக்கு மேல் நடந்தது. விரலில் மை தடவியவர், பெயர் எழுதியவர், ராத்திரி தலை எண்ணியவர், சீட்டில் கையெழுத்துப் போட்டவர் யாரும் அரக்கர்கள் இல்லை. சம்பளம் வாங்கி, பிள்ளை வளர்த்த சாதாரண மனிதர்கள். அவர்களால் இது எப்படி முடிந்தது?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனை இங்கே உதவுகிறது. தப்பாகப் பதில் சொல்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ச்சி பொய், அலறியவர் நடிகர். பொத்தானை அழுத்தியவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். இது பலரும் கேட்ட கணக்கு. என்னை உலுக்குவது அதே சோதனையின் வேறு இரண்டு வடிவங்கள். எதிராளியின் கையைத் தானே பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டும் என்றபோது கடைசி வரை போனவர்கள் 12 பேர்தான். பொத்தானை இன்னொருவர் அழுத்த, தான் கேள்வியை மட்டும் வாசித்தால் போதும் என்றபோது 37 பேர் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள். வேலையைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தால் கொடுமை யார் கையிலும் ஒட்டுவதில்லை. பதிவேடு செய்தது இதைத்தான்.

ஆய்வுக்கூடத்தின் ஒரு மணி நேரத்தை முப்பது வருட ஆட்சியோடு அப்படியே பொருத்திவிட முடியாது. வெறும் கீழ்ப்படிதல்தான் காரணம் என்பதையும் பிற்கால உளவியலாளர்களான ஹாஸ்லமும் ரீச்சரும் ஏற்கவில்லை. நல்ல காரியத்துக்குத் துணை நிற்கிறோம் என்ற நம்பிக்கையே மனிதரை நகர்த்துகிறது என்பது அவர்கள் வாதம். ‘உங்களுக்கு வேறு வழியே இல்லை’ என்று அப்பட்டமாக ஆணையிட்ட இடத்தில்தான் பலர் எழுந்துவிட்டார்கள் என்பதைச் சுட்டுகிறார்கள். ரேகைச் சட்டத்துக்கும் ஒரு நல்ல பெயர் கூடவே வந்தது: சீரமைப்பு. அதன் பேரில் திறந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தேனி மாவட்டத்திலும் உண்டு. அவற்றில் படித்து முன்னேறியவர்கள் ஏராளம். ஆனால், திருத்துகிறோம் என்ற அந்த நினைப்புத்தான் தலை எண்ணியவரை நிம்மதியாகத் தூங்க வைத்தது என்று நான் நினைக்கிறேன்.

மில்கிராமின் இன்னொரு வடிவத்தில், கூட உட்கார்ந்த இரண்டு பேர் ‘மாட்டோம்’ என்று எழுந்தார்கள். அப்போது கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர்தான். மதுரையில் அப்படி எழுந்தவர்களில் ஒருவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த மலையாளி, கிறிஸ்தவர், இந்தச் சட்டம் தொடாத மனிதர். கள்ளர்களுக்காக வழக்காடினார், எழுதினார். மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். 1938இல் அவர் இறந்தார். சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்க மேலும் ஒன்பது வருடம் ஆனது.