என் பெயரில் யாரோ வாங்கிய கடன்!

பெரியவளுக்குக் காலேஜில் இடம் கிடைத்த சந்தோஷத்தோடு, கல்விக் கடன் கேட்க நானும் என் கணவரும் பேங்குக்குப் போனோம். வீடு என் பெயரில் இருப்பதால் நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அங்கிருந்த அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க பேர்ல 38,000 ரூபாய் கடன் நிக்குதே! எட்டு மாசமா ஒரு தவணைகூடக் கட்டலியே?" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. கடனா? நானா? மளிகைக் கடையில்கூடப் பாக்கி வைக்காதவள் நான்!

என் கணவர் ஒன்றும் பேசவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். மாமியாரோ, "உங்க அண்ணனுக்கு வாங்கிக் குடுத்தியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். இருபத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அன்றைக்கு அழுத மாதிரி நான் அழுததில்லை.

சின்னவள்தான் தைரியம் சொன்னாள். "அழாதேம்மா, முதல்ல ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கலாம்" என்றாள். நாம் வாங்கிய கடன்களின் ஜாதகத்தையே வைத்திருக்கும் கம்பெனிகள் நம் நாட்டில் நான்கு இருக்கின்றன. அதில் சிபில் ஒன்று. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017-லிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. இது அதுவரை எனக்குத் தெரியாது.

அறிக்கையில் என் பெயர், என் பான் எண் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் போன் நம்பர் என்னுடையது இல்லை! பிறகு 'சஞ்சார் சாத்தி' என்ற அரசு இணையதளத்தில், என் பெயரில் எத்தனை சிம் கார்டு இருக்கிறது என்று பார்த்தோம். நான் வைத்திருப்பது ஒன்று. அங்கே காட்டியது இரண்டு! அறிக்கையில் இருந்த அதே நம்பரின் கடைசி நான்கு எண்கள். அப்போதுதான் ஒரு ஞாபகம். முன்பு பஸ் ஸ்டாண்டு வாசலில் குடை போட்டு சிம் விற்றவரிடம் வாங்கும்போது, "ரேகை சரியா விழலே, இன்னொரு தடவை வைங்கக்கா" என்று சொல்லி மறுபடி விரலை வைக்கச் சொன்னார். அங்கேதான் நடந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. பான் கார்டு ஜெராக்ஸ் எங்கே கசிந்ததோ, அதுவும் தெரியவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் கொடுத்தவள்தானே நான்!

சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தோம். அந்த ரசீதோடு கடன் கொடுத்த கம்பெனிக்கும் சிபிலுக்கும் எழுதினோம். தப்பை 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. அதைக் குறிப்பிட்டே எழுதினாள் சின்னவள். மாசம் முடிவதற்குள் அந்தக் கடன் என் கணக்கிலிருந்து நீங்கியது. பெரியவளின் கடனும் கிடைத்தது.

நான் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது, சகோதரிகளே. அதற்காகச் சில யோசனைகள்:

* ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போது, எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முதல் எட்டு எண்களை மறைத்து, கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதாரை அதன் இணையதளத்திலேயே எடுக்கலாம். பல இடங்களுக்கு அதுவே போதும்.

* ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டிவிட்டால் ரேகையை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது. தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். சந்தேகத்துக்கு 1947-க்குப் போன் செய்யுங்கள்.

* போனில் வரும் ஓடிபி எண்ணை, பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் சொல்லாதீர்கள்.

* பணம் பறிபோனால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

* பழைய பேப்பர் போடும்போது பேங்க் காகிதம், ஜெராக்ஸ் எல்லாவற்றையும் தனியே எடுத்துக் கிழித்துவிடுங்கள். போன வாரம் பஜ்ஜி மடித்து வந்த தாளைப் பிரித்தால், எண்ணெய்க் கறையோடு யாரோ ஓர் அம்மாவின் ஆதார்! சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன்.

பெரியவளின் பீஸ் கட்டிய அன்று, "உன்னை அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார் என் கணவர். அதுவே எனக்குப் போதும். பீரோ சாவியை இடுப்பிலேயே சொருகிக்கொள்ளும் நாம், நம் பெயரையும் அப்படியே காக்க வேண்டாமா?