சிறிய மீன்களுக்கு ஏற்ற நீர்ச்செடிகள்: அறிந்து தெரிவு செய்வோம்

வீட்டு வளவை விட்டு வெளியே போக முடியாத சூழ்நிலையில் இருந்துகொண்டே குடும்பத்தைத் தாங்க வேண்டிய பெண்கள் எம்மிடையே பலர். படுக்கையில் இருக்கும் தாய், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், காயப்பட்ட கணவன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. 2009இல் யுத்தம் முடிந்து மீளக்குடியமர்ந்த பின்னர் கோழி, ஆடு, தையல் மெசின் என்று பல சுயதொழில்களை நாம் முயன்று பார்த்தோம். அவற்றோடு அலங்கார மீன் வளர்ப்பும் ஒன்று. நானும் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு சீமெந்துத் தொட்டிகளும் சில றெஜிபோம் பெட்டிகளும் வைத்து கப்பி, மொலி, பைற்றர் மீன்களை வளர்த்து வருகிறேன்.

இத்தொழிலில் மீனைப் பற்றிப் பேசுவோர் அதிகம், செடியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் இலாபமா நட்டமா என்பதைப் பல வேளைகளில் செடிதான் தீர்மானிக்கிறது.

எமது ஊரில் ஒரு அக்கா குழுக்கடன் எடுத்து மீன் வளர்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு கிழமையும் தவணை கட்ட வேண்டும். மூன்று மாதமாகியும் விற்பதற்கு ஒரு குஞ்சுகூட இல்லை.

“தங்கச்சி, தாய் மீன்ர வயிறு ஒட்டிப் போச்சு, குஞ்சு போட்டதெண்டு தெரியுது. ஆனா ஒண்டையும் காணேல்லை” என்று வந்து அழுதார்.

“அக்கா, தொட்டிக்குள்ள செடி ஏதும் போட்டனீங்களோ?” என்று கேட்டேன்.

“ஊத்தை பிடிக்குமெண்டு ஒண்டும் போடேல்லை” என்றார்.

காரணம் அதுதான். கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சாகவே ஈனும். ஏறக்குறைய நான்கு கிழமைக்கு ஒரு தடவை 20, 30 குஞ்சுகள் வரும். பெரிய தாயானால் இன்னும் கூடும். ஆனால் பெற்ற தாயே குஞ்சைத் தின்றுவிடும். ஒளிந்துகொள்ள அடர்த்தியான செடி இல்லாத தொட்டியில் காலையில் பிறந்த குஞ்சு மாலையில் இருக்காது. அக்காவின் தொட்டியில் நான் கொடுத்த ஜாவா மொஸ் பாசியையும் செரற்றோபில்லத்தையும் போட்ட பின், அடுத்த ஈற்றில் 18 குஞ்சுகள் தப்பின. அவை விற்கும் பருவத்துக்கு வர மூன்று மாதமளவு சென்றது. பழைய தவணைகள் முழுவதும் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் மீன் விற்ற காசில் தவணை கட்டிய முதல் மாதம் அதுதான்.

முதலில் உங்கள் நீரைப் பாருங்கள்

கடையில் அழகாக இருக்கிறது என்று செடி வாங்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையில் இருந்து வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்தால், சவர்க்காரம் நுரைக்க மறுத்தால், அது வன்னீர். இந்த நீர் கப்பி, மொலி, பிளெற்றி, வாள்வால் மீன்களுக்கு நன்றாக ஒத்துப்போகும். செடிகளில் வலிஸ்னேரியா, ஐதரில்லா, செரற்றோபில்லம் என்பன இதில் செழித்து வளரும். எமது நாட்டுக் குளங்களிலும் இயற்கையாகவே காணப்படுபவை இவை. ஆனால் விசிறிபோல அழகாக இருக்கும் கபொம்பா மென்னீரை விரும்புவது. வன்னீரில் அது இலை உதிர்த்து நீரைக் கெடுத்துவிடும். அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

தோட்டங்களுக்கு அருகே உள்ள கிணறுகளில் பசளையின் நைத்திரேற்றுக் கலந்திருப்பதும் உண்டு. அப்படியான நீரில் பச்சைப்பாசி விரைவாகப் படரும். செரற்றோபில்லம் போன்ற வேகமாக வளரும் செடிகள் அந்த நைத்திரேற்றைத் தாம் உறிஞ்சிக்கொள்வதால் பாசி மட்டுப்படும். குழாய் நீர் பாவிப்போர் குளோரின் போவதற்கு ஒரு நாளாவது திறந்த பாத்திரத்தில் விட்டுப் பின்னர் ஊற்றுங்கள்.

வெளிச்சம் எவ்வளவு?

வெளியே வைக்கும் தொட்டிக்கு எமது வெயில் அதிகம். நண்பகல் வெயில் நேராக விழுந்தால் நீர் சூடாகும், பாசியும் படரும். மேலே பாதிக்குக் கிடுகு போட்டால் போதும். வீட்டுக்குள் வைக்கும் கண்ணாடித் தொட்டிக்கு வெளிச்சம் குறைவு. அங்கே அனுபியாஸ், ஜாவாப் பன்னம், ஜாவா மொஸ், கிரிப்டோகோரைன் ஆகியவை பொருத்தம். இவை மெதுவாக வளரும், மங்கிய ஒளியிலும் வாழும்.

கிரிப்டோகோரைன் பற்றி ஒரு செய்தி. உலகெங்கும் மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் வென்டியை, பெக்கெற்றியை என்னும் இனங்கள் இலங்கைக்கே உரியவை. ஓடைகளில் பிறந்தவை. காட்டு ஓடைகளில் இருந்து இவற்றைப் பிடுங்கி வருவோரிடம் வாங்காதீர்கள். நாற்றுமேடையில் பெருக்கியதையே கேட்டு வாங்குங்கள். நட்ட சில நாட்களில் இதன் இலைகள் கரைந்து போகலாம். செத்துவிட்டது என்று எறிய வேண்டாம். வேரை அப்படியே விட்டால் சில கிழமைகளில் புதிய இலை வரும்.

எந்த மீனுக்கு எந்தச் செடி?

கப்பி, மொலி, பிளெற்றி: குஞ்சு ஒளிய ஜாவா மொஸ், செரற்றோபில்லம். பின்புறத்தில் வலிஸ்னேரியா.

பைற்றர்: ஆண் மீன் நீரின் மேல் நுரைக்கூடு கட்டும். மேலே மிதக்கும் ஓரிரு இலை இருந்தால் கூடு கலையாது. காற்றைச் சுவாசிக்க இது மேலே வரும் மீன் என்பதால் மேற்பரப்பு முழுவதையும் செடி மூட விடாதீர்கள்.

செரி பார்ப் போன்ற சிறு மீன்கள்: முட்டையைச் செடிகளிடையே சிதறும். மெல்லிய இலைச் செடிகளும் மொஸ்ஸும் முட்டையைத் தாங்கி மறைக்கும்.

தங்கமீன்: மென்மையான செடி எதையும் தின்றுவிடும், வேரையும் கிளறும். தடித்த இலையுள்ள அனுபியாஸ், ஜாவாப் பன்னம் மட்டும் ஓரளவு நிலைக்கும்.

அனுபியாஸையும் ஜாவாப் பன்னத்தையும் மணலில் புதைக்கக் கூடாது. அவற்றின் தடித்த தண்டு புதைந்தால் அழுகும். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிடுங்கள். வலிஸ்னேரியாவை நடும்போது வேர் மட்டும் மணலுக்குள்ளும் குருத்து மேலேயும் இருக்க வேண்டும்.

புதுச் செடியை உடனே போடாதீர்கள்

குளத்திலோ வாய்க்காலிலோ எடுத்த செடியில் நத்தை முட்டையும் தும்பியின் குடம்பியும் இருக்கலாம். தும்பிக் குடம்பி மீன் குஞ்சைப் பிடித்துத் தின்னும். வயல் வாய்க்காற் செடியில் கிருமிநாசினியும் இருக்கக்கூடும். எனவே நன்றாகக் கழுவி இரண்டு கிழமை வேறு வாளியில் வைத்துக் கவனியுங்கள். மீன் இல்லாத வாளியில் நுளம்பு பெருகும் என்பதை மறக்க வேண்டாம். மூன்று நாளுக்கு ஒரு தடவை நீரை மாற்றி, மேலே நுளம்பு வலைத் துண்டால் மூடிக் கட்டுங்கள். டெங்கு வந்தால் தொழிலும் இல்லை, நிம்மதியும் இல்லை.

மின்வெட்டுக் காலம்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. காற்றுப் பம்பியை மட்டும் நம்பி நெருக்கமாக மீன் விடுவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த நாட்கள் காட்டின. பகலில் செடி ஒட்சிசன் தரும். ஆனால் இரவில் செடியும் மீனைப் போலவே ஒட்சிசனை எடுக்கும். ஆகவே அடர்ந்த செடியுள்ள தொட்டியில் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால், செடியைக் கொஞ்சம் குறையுங்கள், நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். அகலமான தொட்டி, அளவான மீன், அளவான செடி என்றிருந்தால் பம்பி நின்றாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

வெட்டிய செடி எங்கே?

மிஞ்சிய செடியைக் குளத்திலோ வாய்க்காலிலோ எறிவது பெரும் தவறு. ஆகாயத்தாமரை அழகுக்காகவே இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அதைக் கட்டுப்படுத்த 1909இலேயே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து வந்த சல்வீனியாவும் இன்று எத்தனையோ குளங்களை மூடிக் கிடக்கிறது. மிஞ்சியதை வெயிலில் காயவைத்துப் பூமரத்துக்குப் பசளையாகப் போடுங்கள். நல்ல துண்டுகளைக் கட்டுகளாகக் கட்டி மீன் கடைக்குக் கொடுக்கலாம். எனக்கு மீன் விற்பனை குறைந்த மாதங்களில் மொஸ்ஸும் வலிஸ்னேரியாவும் சிறு வருமானம் தந்திருக்கின்றன.

சகோதரிகளே, இதைத் தொடங்கக் கடன் எடுக்க வேண்டாம். மீன் கடையில் வாங்குவார்களா, என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று முதலில் கேளுங்கள். பின்னர் ஒரு றெஜிபோம் பெட்டி, இரண்டு ஆண், நான்கு பெண் கப்பி, ஒரு கைப்பிடி மொஸ், இவ்வளவும் போதும். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தர்களிடம் ஆலோசனையும் பயிற்சியும் கேட்கலாம். அயலில் ஏற்கெனவே வளர்க்கும் ஒரு பெண் இருந்தால் ஒரு துண்டுச் செடியைக் கேளுங்கள். பெருகியதும் நீங்கள் இன்னொருவருக்குக் கொடுங்கள். அந்த அக்காவுக்கு நான் கொடுத்த செரற்றோபில்லம் இன்று எமது ஒழுங்கையில் ஐந்து வீட்டுத் தொட்டிகளில் வளர்கிறது.