உரைத்தொகுப்பிகளில் புறமாற்றம் கண்டறிதல்

உரைத்தொகுப்பிகளில் புறமாற்றம் கண்டறிதல் என்பது, ஒரு கோப்பு உரைத்தொகுப்பியில் திறந்திருக்கும்போதே வேறொரு நிரல் அக்கோப்பை மாற்றிவிட்டதை அத்தொகுப்பி அறிந்து, பயனருக்கு உணர்த்தும் செயல்முறை ஆகும். இவ்வசதி இல்லாவிடில், எழுதப்பட்டவற்றுள் ஒரு பகுதி எவ்வித அறிவிப்பும் இன்றி அழிந்துபோகக்கூடும்.

== பின்னணி ==

பெரும்பாலான உரைத்தொகுப்பிகள், கோப்பைத் திறக்கும்போது அதன் உள்ளடக்கத்தை நினைவகத்தில் படியெடுத்துக்கொள்கின்றன. பயனர் திருத்துவது இப்படியையே. வட்டிலுள்ள கோப்பை அன்று. சேமிக்கும்போதுதான் இப்படி வட்டில் எழுதப்படுகிறது. இதற்கிடையில் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளோ மற்றொரு தொகுப்பியோ அக்கோப்பை மாற்றியிருக்கலாம்.

எடுத்துக்காட்டாக, பயனர் ஒரு கோப்பைத் திறந்த பின்னர் வேறொரு நிரல் அதன் இறுதியில் 10 வரிகளைச் சேர்ப்பதாகக் கொள்வோம். பயனர் முதல் வரியிலுள்ள எழுத்துப்பிழையை மட்டும் திருத்திச் சேமித்தாலும், அந்த 10 வரிகளும் மறைந்துவிடும். ஏனெனில் திருத்திய வரி மட்டுமன்றி, பழைய படி முழுவதும் வட்டில் எழுதப்படுகிறது.

== கண்டறியும் முறைகள் ==

* '''ஒப்பிடுதல்''': கோப்பைத் திறக்கும்போது அதன் இறுதி மாற்ற நேரம், அளவு ஆகியவற்றைத் தொகுப்பி குறித்துவைத்துக்கொள்கிறது. பயனர் சாளரத்துக்குத் திரும்பும்போதோ சேமிக்கும்போதோ அவற்றை வட்டிலுள்ள கோப்புடன் ஒப்பிடுகிறது.
* '''கண்காணித்தல்''': கோப்பு மாறியதும் இயக்குதளமே தொகுப்பிக்கு அறிவிக்கிறது. லினக்ஸ் கருனியில் 2005 ஆம் ஆண்டு 2.6.13 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஐநோட்டிஃபை இதற்குப் பயன்படுகிறது.

== தொகுப்பிகளின் அணுகுமுறை ==

நினைவகத்திலுள்ள படியில் திருத்தம் ஏதும் இல்லையெனில், வட்டிலுள்ள கோப்பை மீண்டும் ஏற்றுவதால் பயனரின் உழைப்பு எதுவும் இழக்கப்படுவதில்லை. விசுவல் ஸ்டுடியோ கோட் இவ்வாறு தானாகவே மீளேற்றுகிறது. விம் தொகுப்பியில் 'ஆட்டோரீட்' என்னும் தெரிவை இயக்கினால் இவ்வாறு நிகழும். நோட்பேடு++ வழக்கமாகப் பயனரின் இசைவைக் கேட்கிறது.

படியும் கோப்பும் ஆகிய இரண்டுமே மாறியிருப்பின், எதைக் காப்பது என்பதைப் பயனரே முடிவு செய்ய வேண்டும். விம் எச்சரித்த பின்னரே எழுதுகிறது. விசுவல் ஸ்டுடியோ கோட் சேமிப்பதை நிறுத்தி, இரு வடிவங்களையும் ஒப்பிட வாய்ப்பளிக்கிறது. ஈமாக்ஸ் இன்னும் முன்னதாகவே, மாறிவிட்ட கோப்பின் படியைப் பயனர் திருத்தத் தொடங்கும்போதே வினவுகிறது.

== குறைபாடுகள் ==

* ஃபேட் கோப்பு முறைமை மாற்ற நேரத்தை 2 வினாடித் துல்லியத்திலேயே பதிகிறது. அதற்குள் நிகழ்ந்து, கோப்பின் அளவையும் மாற்றாத திருத்தம் ஒப்பீட்டில் தப்பிவிடலாம்.
* சில நிரல்கள் புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, பின்னர் அதற்குப் பழைய கோப்பின் பெயரை இடுகின்றன. பழைய கோப்பை மட்டும் கண்காணிக்கும் தொகுப்பி, அதன்பின் புதிய கோப்பில் நிகழும் மாற்றங்களை அறியாது. எனவே கோப்புள்ள அடைவையும் கண்காணிக்க வேண்டியுள்ளது.
* சோதித்த கணத்துக்கும் எழுதும் கணத்துக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் நிகழும் மாற்றத்தைச் சோதனை காட்டாது.
* யுனிக்ஸ் வகை இயக்குதளங்களில் கோப்புப் பூட்டு பொதுவாக அறிவுறுத்தல் அளவிலானது. அதனை மதிக்காத நிரல் கோப்பில் தடையின்றி எழுத இயலும்.